மார்கழிக் குளிரும் செங்கமலம் மாமியின் காரும்

செங்கமலம் மாமி காலமான செய்தி எனக்கு ஆஸ்பத்திரி வாசலில் கிடைத்தது. காலை டியூட்டிக்கு வந்து ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினேன். வாசலில் எப்போதும் வரிசை கட்டி நிற்கும் டாக்ஸிகளைக் காணோம். ஒரே ஒரு டிரைவர் மட்டும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். "கார் மாமி விடியக்காலம் போயிட்டாங்க நர்ஸம்மா. ஸ்டாண்டுல எல்லாரும் ஸ்ரீரங்கம் போயாச்சு. உங்களை அழைச்சுக்கிட்டு வரச் சொல்லி என்னை நிறுத்திட்டுப் போனாங்க" என்றார். உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்து ஏறிக்கொண்டேன். ஆடி மாதம். காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. 

உத்தர வீதியில் மாமி வீட்டுக் கூடத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். "பாவம், அவ தலையெழுத்து. கார் ஓட்டிப் பிழைக்கும்படி ஆயிடுத்து" என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அந்தப் 'பாவ'த்தை நான் பல வாய்களில் கேட்டுவிட்டேன். நல்லவர்கள்தான், நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அதை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. மாமியை யாரும் கார் ஓட்டும்படி ஆக்கவில்லை. ஓட்டக்கூடாது என்று ஊரே சொன்னது. அவர் ஓட்டினார். இதைப் படிக்கிறவர்களில் பலர் அவர் காரில் ஏறியவர்கள். ஏற மறுத்தவர்களும் சிலர் இருப்பீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

மாமியின் கணவர் ரகுநாதன் வாடகைக் கார் ஓட்டினார். அவரும் அண்ணன் சம்பத்தும் பாதிப் பாதி போட்டு வாங்கிய கறுப்புச் சீமைக் கார் அது. சம்பத்துக்குத் திருச்சி சின்னக்கடை வீதியில் பாத்திரக்கடை இருந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ரகுநாதன் டைபாய்டு காய்ச்சலில் போய்விட்டார். மாமிக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இராது. பள்ளிக்கூடம் போகும் வேதா என்று ஒரு பெண். அந்தக் குடும்ப வழக்கப்படி தலைமுடியை எடுத்துவிட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "அவர் போனதுக்கு என் தலை என்ன பண்ணும்?" என்று கேட்டவர் மாமி. முடி தங்கியது. அடுத்தது கார். அதைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம், மாதாமாதம் அரிசியும் பருப்பும் அனுப்பிவிடலாம் என்று சம்பத் ஏற்பாடு செய்தார். மாமி, வண்டியைத் தானே ஓட்டப்போவதாகச் சொல்லி அனுப்பினார். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று சம்பத் நினைத்துக்கொண்டார்.

அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பாலக்கரையில் மோட்டார் பட்டறை வைத்திருந்த காதர் பாய். ரகுநாதனின் சிநேகிதர். முக்கொம்பு போகிற சாலையில் ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வாழைத் தோட்டம். அங்கேதான் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அணைக்கட்டைப் பார்க்க வந்த ஒரு கூட்டம், வெள்ளைப் புடவையும் தலையில் முக்காடுமாக ஒரு பெண் கார் ஓட்டி வருவதைப் பார்த்துக் கைதட்டியதாம். மாமி வண்டியை நிறுத்தி இறங்கிப் போய், "எதுக்குக் கைதட்றேள்? இங்கே சர்க்கஸ் ஒண்ணும் நடக்கலையே" என்று கேட்டார். கூட்டம் மெல்லக் கலைந்துவிட்டது. காதர் பாய் இதைச் சொல்லும்போதெல்லாம், "அன்னிக்கு லைசென்ஸ் குடுத்தாச்சு. ஆபீஸ்ல குடுத்தது அப்புறம்தான்" என்று முடிப்பார்.

நான் அவரை அறிந்தது என் தொழிலால். திருச்சியில் நான் பிரசவ வார்டு நர்ஸ். ஆஸ்பத்திரிக்கு வர முடியாத வீடுகளுக்கு நாங்கள் போவதும் உண்டு. குழந்தைகள் பெரும்பாலும் விடியற்காலையில்தான் அவசரப்படுகின்றன. அந்த நேரத்தில் பஸ் கிடையாது, டாக்ஸிக்காரர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். மாமி எழுந்து வருவார். விடியற்காலைச் சவாரி அவருக்குப் பிரியம் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்குக் கிடைத்ததே அதுதான். கல்யாணம், காதுகுத்து, திருப்பதி யாத்திரை என்று ஊரில் இருந்த நீளமான சவாரி எதற்கும் ஒரு கைம்பெண்ணின் வண்டியை யாரும் கூப்பிடவில்லை. மற்ற டிரைவர்கள் வேண்டாம் என்று தள்ளியதுதான் அவருக்கு. மார்கழியில் இருட்டு விலகுமுன் அம்மாமண்டபப் படித்துறைக்கு ஒரு நடை, திருவானைக்காவலுக்கு ஒரு நடை, கோயிலுக்கு வரும் வயோதிகர்களைக் கொண்டுவிட ஒரு நடை. இடையிடையே வண்டி வெகுநேரம் பனியில் நிற்கும். மறுபடி ஒரு குட்டி நடை.

அவர் ஓட்டத் தொடங்கிய முதல் மார்கழி முடிந்து, தை பிறந்ததும் சம்பத் வந்தார். வேதாவுக்கு மருந்து கொடுக்கப் போன நான் கூடத்தில் இருந்தேன். தம்பி மனைவியோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆகையால் மாமி உள்ளே கதவோரம் நின்றார், சம்பத் என்னைப் பார்த்துக்கொண்டு அவரிடம் பேசினார். பெட்ரோல் பங்க்கில் விசாரித்துவிட்டு வந்திருந்தார். ஐப்பசியில் குடித்ததைவிட மார்கழியில் வண்டி ஏகமாகக் குடித்திருக்கிறது, ஓடின தூரமோ குறைச்சல். குடித்தது வண்டியா, அல்லது பெட்ரோல் வேறு எங்காவது விலைக்குப் போகிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். கடைசியாக, "தொட்டது துலங்காத கைன்னு சில பேர் உண்டு. நான் யாரையும் குறை சொல்லலை" என்றார்.

மாமி வெளியே வந்தார். அதுதான் முதல் தடவை. மூத்தார் முகத்துக்கு எதிரே நின்று, "திருட்டுன்னா போலீசுக்குப் போங்கோ. கைராசின்னா ஜோசியர்கிட்ட போங்கோ. ரெண்டையும் ஒண்ணா எங்கிட்ட கொண்டு வராதேங்கோ" என்றார். குரலை உயர்த்தவில்லை. சம்பத் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வேதாவின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனதும் மாமி ஊஞ்சலில் வந்து உட்கார்ந்தார். பெட்ரோல் அதிகமாகப் போவது அவருக்கும் தெரிந்திருந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை. அன்று சாயங்காலமே என்னையும் அழைத்துக்கொண்டு காதர் பாயின் பட்டறைக்குப் போனார்.

காதர் பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பிக் காட்டச் சொன்னார். மாமி சோக்கை இழுத்தார், கிளப்பினார். சோக் இழுத்தபடியே இருந்தது. எப்போது உள்ளே தள்ளுவீர்கள் என்று பாய் கேட்டார். போய்ச் சேர்ந்த பிறகு என்றார் மாமி. வழியில் வண்டி நின்றுவிட்டால் ஊர் சிரிக்குமே என்று பயம். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். சோக் என்பது காற்றை அடைத்துப் பெட்ரோலைக் கூட்டி விடுகிற கதவு, கிளப்புவதற்குத்தான் அது, ஓட்டுவதற்கு இல்லை என்று விளக்கினார். அதோடு, வாசலில் நிற்கவைத்து நெடுநேரம் உறுமவிடுவதையும் நிறுத்தச் சொன்னார். நிற்கிற வண்டி சீக்கிரம் சூடாகாது. மெதுவாக ஓட்டிக்கொண்டே போனால்தான் சூடாகும்.

"அப்போ பாதி என் தப்பு" என்றார் மாமி. "மீதிப் பாதி?"

மீதி குளிருடையது என்றார் பாய். ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற இன்ஜினில் பெட்ரோல் ஆவியாகாது, சுவரில் துளித்துளியாக ஒட்டிக்கொள்ளும். ஆவியானதுதான் எரியும். ஒட்டினது வீணாகப் புகையோடு போகும். எண்ணெயும் கெட்டியாகி இருப்பதால் இன்ஜின் சுழலவே பாடுபடும். சூடேறிய பிறகு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் மாமியின் நடைகள் இன்ஜின் சூடேறுமுன் முடிந்துவிடுகின்றன. அடுத்த நடைக்குள் மறுபடி ஆறிப்போகிறது. மாதம் முழுக்க அவர் ஓட்டியது ஆறின இன்ஜினைத்தான்.

மாமி இதை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "தோசைக்கல்தான் நர்ஸம்மா. கல் காயறதுக்கு முன்னாடி வார்த்தா, எவ்வளவு எண்ணெய் விட்டாலும் ஒட்டிக்கும். காஞ்ச கல்லுக்கு ஒரு சொட்டு போதும். எனக்கு ஊர் குடுக்கறதெல்லாம் முதல் தோசை." பாய் சிரித்துவிட்டார். மாமி சிரிக்கவில்லை.

இதைச் சொன்னால் சம்பத் நம்பமாட்டார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். நம்பவும் இல்லை. "திருச்சியில என்ன குளிர்? ஊட்டியா இது?" என்று கேட்டு அனுப்பினார். மாமி பதிலுக்கு ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார்: அவரே வரட்டும், அவருடைய ஆள் ஓட்டட்டும். சம்பத்தின் கடையில் துரைசாமி என்று ஒரு வேன் டிரைவர் இருந்தார். சம்பத்திடம் வெகுநாளாக வேலை பார்ப்பவர், பொய் சொல்லத் தெரியாதவர். ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய மருந்து பாட்டில் ஒன்றை நான் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். காதர் பாய் டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, அந்தப் பாட்டிலை பானெட்டுக்குள் உயரமாகக் கட்டி, ரப்பர் குழாயால், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு இணைத்தார். பாட்டில் நிறையப் பெட்ரோல். அது தீருகிற இடத்தில் வண்டி நிற்கும். இதில் வாதத்துக்கு இடமில்லை.

முதல் ஓட்டம் விடியற்காலையில். தை பிறந்தும் பனி விடவில்லை. கோபுரத்தின் மேல்நிலைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மாள் கோலமாவும் கையுமாக நின்று பார்த்தாள். துரைசாமி ஓட்ட, சம்பத் முன்னால் உட்கார்ந்தார். மாமியும் நானும் பின்னால். வீட்டு வாசலிலிருந்து திருச்சி ஜங்ஷன் போகிற சாலை. வண்டி இருமி இருமிக் கிளம்பியது. துரைசாமி கைதேர்ந்தவர், சோக்கைச் சீக்கிரமே தள்ளிவிட்டார். அப்படியும் காவிரிப் பாலம் தாண்டிச் சிந்தாமணிக்குள் நுழைந்ததும் இன்ஜின் குலுங்கி நின்றது. பாட்டில் காலி.

இரண்டாவது ஓட்டம் அன்றே உச்சிவெயிலில். அதற்குமுன் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார் பாய். அதே பாட்டில், அதே சாலை, அதே துரைசாமி. சிந்தாமணியைத் தாண்டினோம். மெயின்கார்டு கேட்டைத் தாண்டினோம். சம்பத் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாலக்கரைக் கடைகள் கண்ணில் பட்ட பிறகுதான் வண்டி நின்றது. துரைசாமி ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடியே, "முதலாளி, வண்டியில ஒரு குத்தமும் இல்லீங்க. ஓட்டினவங்க மேலயும் இல்லீங்க" என்றார்.

சம்பத் இறங்கினார். கொஞ்சதூரம் நடந்தார். திரும்பி வந்து, அத்தனை காலத்தில் முதன்முறையாக மாமியை நேராகப் பார்த்துப் பேசினார். "பெட்ரோலை விடு. நம்ம குடும்பத்துப் பொம்மனாட்டி வாடகைக் கார் ஓட்டறது எனக்குக் கௌரவமா இல்லை."

"இதைத்தான் முதல் நாளே சொல்லியிருக்கணும்" என்றார் மாமி. "உங்களுக்குப் பிடிக்கலை. அது ஒரு பதில், நான் கேட்டுக்கறேன். ஆனா பிடிக்காததுக்கு என்னைத் திருடின்னேள். ராசி இல்லாதவள்னேள். நாளைக்கு நீள சவாரி ஒண்ணு குடுத்துப் பாருங்கோ, இதே வண்டி இதே கையில எவ்வளவு குறைச்சலாக் குடிக்கறதுன்னு தெரியும். குடுக்க மாட்டேள். அதனால நான் எனக்குக் கிடைச்சதை ஓட்டறேன்."

நடுத்தெருவில், வண்டியைச் சுற்றிக் கூடியிருந்தவர்கள் நடுவே, இதைச் சொன்னார்.  

சம்பத் தன் பாதியைக் கேட்டார். வண்டியை விற்றுப் பங்கைக் கொடு என்றார். சட்டப்படி நியாயம்தான். மாமி தன் தங்க வளையல்களை எடுத்துக்கொண்டு சின்னக்கடை வீதிக்கே போனார். கடையில் ஆட்கள் இருக்கும்போது அவர் முன்னால் வைத்தார். "இதைப் போட்டுக்கக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னேள். பெட்டிக்குள்ள கிடக்கறதைவிட ரோட்டில ஓடட்டும்." வளையல் கைமாறியது. கார் முழுசாக மாமியுடையதாயிற்று. சம்பத் அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறவே இல்லை.

அடுத்த மார்கழியில் நடந்ததை இன்றைக்கும் லால்குடிப் பக்கத்தில் சிலர் சொல்வார்கள், கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். நடந்தது இதுதான். லால்குடிக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் தலைப்பிரசவம். விடியுமுன் என்னைத் தேடி ஆள் வந்தது. மாமி வழக்கம்போல இன்ஜின்மேல் பழைய ஜமுக்காளத்தைப் போர்த்தி வைத்திருந்தார். முந்தின நடையின் சூடு முழுக்கப் போகாமல் இருக்க அது அவர் கண்டுபிடித்த வழி. வண்டி முதல் முறையிலேயே கிளம்பியது. கொள்ளிடம் பாலம் தாண்டும்வரை மெதுவாகத்தான் ஓட்டினார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் பெண்ணின் மாமனார் என்னை வரவேற்றார். பிறகு வண்டிக்குள் இருப்பவரைப் பார்த்தார். நல்ல காரியம் நடக்கிற வீடு, வண்டியைக் கொஞ்சம் தள்ளி, வைக்கோல்போருக்கு அந்தப் பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள் என்று என்னிடம் மெல்லச் சொன்னார். பண்பாகத்தான் சொன்னார். மாமியின் காதில் அது விழுந்தது. வண்டியைத் தள்ளி நிறுத்தினார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. என் கையால் ஆகிற காரியமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வெளியே வந்து சொன்னேன். மாமனார் திகைத்தார். வேறு வண்டிக்கு ஆள் அனுப்பலாமா என்று கேட்டார். வேறு வண்டி வர வெயில் வந்துவிடும் என்றேன். அவர் வைக்கோல்போர்ப் பக்கம் பார்த்தார். வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உள்ளே அந்தப் பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

மாமி யாரும் கூப்பிடாமலே வண்டியை வாசல்படிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கிப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "ஏத்துங்கோ" என்றார். "என் முகத்தைப் பார்க்கவேண்டாம்னா எல்லாரும் பின்னால உட்காருங்கோ. எனக்கு முதுகும் இருக்கு."

ஏற்றினார்கள். பெண்ணின் தலையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் புருஷன் காலடியில் உட்கார்ந்துகொண்டான். இன்ஜின் இப்போது நன்றாகச் சூடேறியிருந்தது. அந்தக் கார் அன்று ஓடியதுபோல் அதற்குமுன் நான் பார்த்ததில்லை. வயல்மேலிருந்து வந்த பனிக்காற்று முகத்தில் அறைந்தது. அந்தப் பெண்ணுக்கு நினைவு தப்பாமல் இருக்க ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும்படி நான்தான் மாமியிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்தது கார். அதைப் பற்றியே பேசினார். "பயப்படாதேடி. வெயில் காத்து நீர்மோர், மார்கழிக் காத்து கெட்டி மோர். இன்ஜின் இழுக்கற ஒரே மூச்சுல காத்து கொஞ்சம் கூடவே உள்ளே போறது. கிளம்பறப்போதான் குளிர் எதிரி. சூடேறிட்டா இதைவிட நல்ல சிநேகிதம் கிடையாது. பார், எப்படி இழுக்கறது பார்." அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்க ரோட்டைப் பாருங்கம்மா" என்றாள். அந்த அவசரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. ஆண் குழந்தை. இதை வைத்துக்கொண்டு ஊர் மனம் மாறிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அவ்வளவு சுலபமாக மாறவில்லை. மாறியது அந்த ஒரு வீடு. குழந்தைக்கு முடியிறக்கச் சமயபுரம் போனபோது மாமனாரே வந்து மாமியின் வண்டியைக் கூப்பிட்டார். பிறகு வேளாங்கண்ணிக்கு ஒரு குடும்பம், நாகூருக்கு ஒரு குடும்பம் என்று நீளமான சவாரிகள் ஒவ்வொன்றாக வந்தன. அப்போது வண்டி எவ்வளவு குறைவாகக் குடித்தது என்பது பங்க்காரருக்குத் தெரியும். அறுபதுகளில் இரண்டாவது கார் வந்தது, இரண்டு டிரைவர்கள் வந்தார்கள். மாமியின் சொந்தத் தெருவில் மட்டும் கடைசிவரை ஒரு கல்யாணத்துக்கும் அந்த வண்டி போகவில்லை. மாமி அதற்கு அழவும் இல்லை, கேட்கவும் இல்லை. கல்யாண நாளன்று வேண்டுமென்றே வண்டியைத் துடைத்துப் பளபளவென்று வாசலில் நிறுத்திவைப்பார்.

அவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. டிரைவர்களைக் கடுமையாகத் திட்டுவார். சோக்கை இழுத்தபடி ஓட்டுகிறவனைக் கண்டால் நடுரோட்டில் இறக்கிவிடுவார். சம்பத் பக்கவாதத்தில் படுத்தபோது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் மாமி என்று நான் சொன்னேன். போகவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டுமென்று கடை ஆள் வந்தபோது, இரண்டாவது காரை டிரைவரோடு அனுப்பிவைத்தார். வாடகை வாங்கவில்லை. ஆனால் தான் போகவில்லை. மன்னித்துவிட்டார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அவர் மன்னிக்கவில்லை. "மன்னிக்கறது பெருமாள் காரியம். நான் டிரைவர்" என்று சொல்லிவிட்டார்.

கடைசி இரண்டு வருஷம் சர்க்கரை வியாதி அவர் காலைப் பிடித்துக்கொண்டது. கிளட்ச்சை மிதிக்க முடியவில்லை. அப்போதும் காலை நடைகளுக்கு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு டிரைவருக்கு வழி சொல்வார், திட்டுவார். சாவதற்குச் சில நாள் முன்பு போய்ப் பார்த்தேன். வேதா லீவு போட்டு வந்திருந்தாள், இப்போது காலேஜில் பாடம் நடத்துகிறாள். அம்மாவைப் போலத் தைரியசாலியைப் பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னாள். மாமி படுக்கையிலிருந்தபடியே கையை ஆட்டினார். "தைரியமும் இல்லை, ஒண்ணும் இல்லை. எனக்குக் கோபம் ஜாஸ்தி. அதை வீணாக்காம ஓட்டினேன், அவ்வளவுதான்." அதற்குப் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை.

அவர் போனபின் எனக்கு எது மிச்சம் என்று இந்த நாட்களில் யோசித்துக்கொண்டிருந்தேன். கார் ஓட்ட எனக்குத் தெரியாது. கற்றுக்கொடுக்கிறேன் என்று எத்தனையோ முறை கூப்பிட்டார், நான் போகவில்லை. பதில் எனக்குப் போன வாரம் என் வார்டிலேயே கிடைத்தது. எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு பெண், வையம்பட்டிப் பக்கம், கல்யாணமான வருஷமே புருஷனை இழந்தவள். பிரசவ அறைக்குள் அவள் நிற்பதைப் பார்த்துவிட்டு, பிள்ளைத்தாய்ச்சியின் அத்தை என்னைத் தனியே கூப்பிட்டாள். அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்புங்கள், முதல் குழந்தை என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். இத்தனை வருஷ சர்வீசில் இப்படிக் கேட்டவர்களுக்காக எத்தனையோ பேரை, மருந்து எடுத்து வா, வெந்நீர் எடுத்து வா என்று ஏதாவது ஒரு வேலை சொல்லி நாங்கள் வெளியே அனுப்பியிருக்கிறோம். யாருக்கும் மனம் நோகாமல் காரியம் நடந்துவிடும், வெளியே போனவளைத் தவிர.

அன்று நான் அனுப்பவில்லை. இதுதான் மாமி எனக்கு விட்டுப்போனது என்று சொல்வேன்: அந்த அத்தையின் முகத்தைப் பார்த்து, முடியாது என்று சொல்ல வந்த குரல். காரணம் ஒன்றும் அடுக்கவில்லை. உள்ளே போனேன். தள்ளி நின்றிருந்த அந்தப் பெண்ணை என் பக்கத்தில் அழைத்துக்கொண்டேன். குழந்தை வந்தது. தொப்புள்கொடியை அறுத்ததும், ஈரத்தோடு, கத்திக்கொண்டிருந்த அந்தப் பெண்குழந்தையை எல்லாரும் பார்க்க அந்தப் பயிற்சிப் பெண்ணின் கையில்தான் முதலில் கொடுத்தேன்.